தாத்தாவின் பல்செட்டும் நுரையீரலும்

ஜப்பானில் 11 முதியோர் காப்பகங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்களே பல் துலக்கிவிட்டார்கள்; வாரம் ஒருமுறை பல் மருத்துவக் குழுவினரும் வந்து வாயைச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போலத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். இவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதுதான் இதில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி. பல் போனபின் துலக்க என்ன இருக்கிறது என்றுதானே நம் வீடுகளில் விட்டுவிடுகிறோம்!

உணவும் காற்றும் தொண்டையில் ஒரே வழியில்தான் போகின்றன. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி சாய்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. கொஞ்சம் பிசகினால் புரையேறுகிறது; இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். ஆனால் தூக்கத்தில், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களில்கூட ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, துளி எச்சில் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அதைச் சளியோடு மேலே தள்ளிவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்களுக்கு விழுங்கும் திறனும் இருமலின் வலுவும் குறைந்துவிடுகின்றன. அந்த எச்சிலில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பற்களில் படியும் காரையிலும் நாக்கின் மேல் படிவிலும் கழற்றாத பல்செட்டின் அடியிலும் அவை பெருகுகின்றன. 85 வயதைக் கடந்த ஜப்பானியரிடம் நடந்து 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வில், இரவிலும் பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் 2.3 மடங்காக இருந்தது. பல்செட் மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் ராத்திரி கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைப்பதில் என்ன சிரமம்?

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதும் இதே பாதை திறந்துதான் இருக்கிறது. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை அகலமானது, சுமார் 2.5 செ.மீ. நீளமே உள்ளது, ஏறக்குறைய நேராக இறங்குகிறது. இடது கிளை ஒடுங்கியது, அதைப் போல் இரு மடங்கு நீளம், நன்றாகச் சாய்ந்து பிரிகிறது. ஆகவே கைதவறி விழும் பல் உறையோ சிறு கருவியோ பெரும்பாலும் வலது நுரையீரலில் போய் மாட்டுகிறது. வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் திரை இதையும் தடுக்கிறது. 1864-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்தது அது. விழுந்த பொருள் கண்ணில் படாவிட்டால், வயிற்றுக்குள்தான் போயிருக்கும் என்று இருந்துவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மூச்சு நோய் உள்ளவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். பல் பிடுங்கியபின் எழுதித் தரப்படுபவை பெரும்பாலும் இந்த வகை மாத்திரைகள்தான். இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம். புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்களில் சிலரால் மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியை நிமிர்த்தி வைக்கச் சொல்லலாம். தொற்றும் நிலையிலுள்ள காசநோய் என்றால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே சரி.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் துலக்கிவிடும்போது முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவையுங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மென்மையான பிரஷை நனைத்து உதறி, பல், ஈறு, நாக்கு மூன்றையும் தேயுங்கள். பேஸ்ட் துளி போதும். சரியாக விழுங்க முடியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். ஈரத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் துடைத்து எடுத்துவிடுங்கள்.