வெருகல் கரையில் வேடர்கள்: கணக்கில் வராத ஒரு சமூகம்

சாம்பல்தீவிலிருந்து காலை பஸ் எடுத்தால் மதியத்துக்குள் வெருகலுக்குப் போய்விடலாம். முன்பு அப்படியல்ல. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ வரும்வரை கரையில் காத்துக்கிடந்தது எங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். இன்று மூதூர், சேருநுவர, ஈச்சிலம்பற்று என்று வீதி நேராகப் போகிறது. போகும் வழியில் யார் வாழ்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

மகாவலியின் ஒரு கிளை வெருகலில் கடலோடு சேர்கிறது. அதன் மேற்கே 1986 இல் பிரகடனப்படுத்தப்பட்ட சோமாவதி தேசியப் பூங்கா. யானைகள் திரியும் பெருங்காடு அது. கிழக்கே களப்பும் கடலும். இந்த இரண்டுக்கும் நடுவே, வெருகலிலிருந்து வாகரை வரையான கிராமங்களில் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள்.

வேடர் என்றதும் தம்பானைதான் நினைவுக்கு வரும். சுற்றுலாப் பயணிகள் போவதும் அங்குதான். ஆனால் கிழக்குக் கரையின் வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர்கள் பற்றிய நூலில் இவர்களைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். களப்பில் மீன்பிடி, காட்டோரம் சேனை, பருவத்தில் தேன் என்பதே இவர்களின் வாழ்க்கை. தமிழரின் தெய்வங்களோடு, கடல்வழி வந்ததாக நம்பப்படும் கப்பல் தெய்வத்துக்கும் சடங்கு செய்தவர்கள்.

இவர்களின் தொகை எவ்வளவு? 1946 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் 2,361 வேடர்கள். 1953 இல் 803. ஏழு வருடத்தில் இத்தனை பேர் மாண்டுபோகவில்லை. தமிழ் பேசியவர்கள் தமிழராகவும் சிங்களம் பேசியவர்கள் சிங்களவராகவும் பதியப்பட்டார்கள். பிறகு அந்தப் பிரிவே இல்லாமல் போனது. இதில் எங்கள் பங்கும் உண்டு. ‘வேடன்’ என்பதை ஏச்சாகப் பாவித்த ஊரில், தன்னை வேடன் என்று சொல்ல யார் முன்வருவார்?

பிறகு 2004 ஆழிப்பேரலை. அதன்பின் யுத்தம். 2006 இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூர் கிழக்கையும் ஈச்சிலம்பற்றையும் வெறுமையாக்கியது. சனங்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடினார்கள். நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது ஷெல் விழுந்தது. அங்கிருந்து மீண்டும் மட்டக்களப்பு முகாம்களுக்கு. இந்த அலைச்சலில் வேடர், வேடரல்லாதவர் என்ற பேதம் இருக்கவில்லை.

பேதம் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. இடம்பெயர்ந்து மீண்ட எவரிடமும் அலுவலகத்தில் முதலில் கேட்பது காணி உறுதியை. சேனைக்கு உறுதி கிடையாது. தேன் எடுத்த காட்டுக்கும் மீன்பிடித்த களப்புக்கும் அனுமதிப்பத்திரம் காட்ட முடியாது. ஆண்டுக்கணக்கில் கைவிட்ட சேனை காடாகிவிடும். காடானதும் அது அரச காடு. பாட்டன் வெட்டிய நிலத்துக்குள் போவது குற்றமாகிவிடும். தம்பானைக்கும் இது நடந்தது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது அவர்கள் வேட்டைக்காட்டை இழந்தார்கள். ஆனால் அவர்கள் ‘ஆதிவாசிகள்’ என்று அறியப்பட்டவர்கள். அந்தப் பெயரில் பேச ஒரு தலைவர் இருக்கிறார். வெருகல் வேடருக்கு அந்தப் பெயரே பதிவில் இல்லை.

யானைப் பிரச்சினையையும் இதோடுதான் பார்க்க வேண்டும். 2023 இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். இரவில் சேனைக் காவலுக்குப் பரணில் இருப்பவருக்கு அது புள்ளிவிபரமல்ல. பயிர் போனால் நட்டஈடு கேட்கவும் காணிப் பத்திரம்தான் வேண்டும்.

அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் ஆவணியில் வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்குப் போகலாம். வில்லும் அம்பும் ஏந்திய வேடரைத் தேட வேண்டாம். உங்களைப் போலவே சாரமும் சேர்ட்டும் அணிந்து, உங்கள் தமிழையே பேசிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் வேடராக இருக்கலாம். அவரைப் படம் எடுப்பதைவிட, அடுத்த குடிசன மதிப்பீட்டில் அவர் விரும்பினால் தன் பெயரைச் சொல்ல ஒரு கட்டம் இருக்கிறதா என்று கேட்பதே அவருக்கு உதவி.