மிட்டாயும் பின்னலும் புகும் வகுப்பறை

அமெரிக்கக் கல்விச் சட்டங்கள் 'தேவை மிகுந்த பள்ளி' என்று குறிப்பிடுவது, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படிப்பது, ஆசிரியர்கள் தாம் பயிலாத பாடத்தை நடத்த நேர்வது, வந்த ஆசிரியர் நிலைக்காமல் போய்க்கொண்டே இருப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பெரிய அளவில் காணப்படும் பள்ளியையே. இயற்பியலோ கணினியோ படித்தவருக்கு வெளியே ஆசிரியப் பணியைவிடக் கூடுதல் சம்பளத்தில் வேலை காத்திருப்பதால், இப்பள்ளிகளில் முதலில் காலியாவதும் கடைசியில் நிரம்புவதும் அந்த இடங்கள்தான். இதற்கு மாற்றாகவே, தொகுப்புச் சுற்றைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் இன்டெல் நிறுவனத்தை இணைந்து நிறுவியவருமான ராபர்ட் நாய்ஸின் பெயரில், ஆசிரியராக விரும்பும் அறிவியல், கணித மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்று 2002இல் சட்டமாகி, தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு உதவி பெற்றவர் ஈராண்டு இத்தகைய பள்ளியில் பணியாற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிபந்தனை ஆளைப் பள்ளிக்கு அனுப்பிவிடும். அங்கே போய் அவர் எப்படி நடத்துவார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகளில் முதன்மையானது, மாணவரின் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் அறிவைப் பாடத்தின் மூலப்பொருளாகவே கொள்ளும் 'பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல்'. கறுப்பினப் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று எல்லாரும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களை வெற்றிபெறச் செய்த ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் ஆராய்ந்தார். பெற்றோரும் தலைமையாசிரியர்களும் பரிந்துரைக்க அவர் ஆராய்ந்த எட்டு ஆசிரியர்களில் வெள்ளையரும் இருந்தனர் என்பதால், ஆசிரியரும் அதே இனத்தவராக இருந்தால்தான் முடியும் என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப் போனது. பாடத்தில் தேர்ச்சி, சொந்தப் பண்பாட்டில் காலூன்றி நிற்றல், சமூக அநீதியை இனங்கண்டு கேள்வி கேட்கும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்ல கற்பித்தல் என்று 1995இல் அவர் வகுத்துரைத்தார். இவற்றில் மூன்றாவது வசதியாக மறக்கப்பட்டு, இரண்டாவது திருவிழா நாளில் ஒரு கூத்தும் ஒரு தின்பண்டமும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டதை அவரே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார்.

தின்பண்டம் பாடமாவதற்கு என்ன தேவை என்பதை அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் நடந்த முயற்சி காட்டுகிறது. லூயிஸ் மோலும் அவருடைய கூட்டாளிகளும் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள ஆசிரியர்கள் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் வீடுகளுக்குப் புகார் சொல்லவோ அறிவுரை கூறவோ அல்லாமல் கற்றுக்கொள்ளவே சென்று, உழவு, சுரங்கம், கட்டட வேலை, பச்சிலை வைத்தியம் என அங்கு குவிந்திருந்த அறிவைக் குறித்துக்கொண்டனர். மெக்சிகோ மிட்டாய்களை அக்கம்பக்கத்தில் விற்றுவந்த சிறுவனின் வீட்டில் தொடங்கிய ஒரு பாடம், மெக்சிகோ மிட்டாயிலும் அமெரிக்க மிட்டாயிலும் என்னென்ன சேர்கின்றன என்று மாணவர்களை ஒப்பிட வைத்தது. முன்னதில் சேர்மானங்கள் குறைவு என்று கண்டு அவர்கள் வியந்தனர். மாணவர் ஒருவரின் தாய் வகுப்பறைக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார்.

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் அறிவியல் ஆழம் சோதிக்கப்படுகிறது. நீர் ஆவியாக ஆவியாகப் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போவதையும், ஏறத்தாழ 115 பாகை செல்சியஸில் உருட்டுப் பதம் வரும் அதே பாகு 150 பாகையை எட்டினால் கண்ணாடிபோல் நொறுங்குவதையும், ஆலை மிட்டாயில் சேர்க்கப்படும் கூடுதல் பொருள்கள் எதற்கு என்பதையும் விளக்கத் தெரிந்தவர் வகுப்பில் அது வேதியியல். தெரியாதவர் வகுப்பில் அது வெறும் மிட்டாய். பண்பாட்டை நாடும் கற்பித்தல் பாடத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்போர் இதைக் கவனிப்பதில்லை. உண்மையில் அது பாடநூலை வரிவரியாக ஒப்பிப்பவரிடம் கேட்பதைக் காட்டிலும் கூடுதலான அறிவியலை ஆசிரியரிடம் கேட்கிறது.

கணினிப் பாடத்திலும் நிலை இதுவே. தலையை ஒட்டி வரிவரியாகப் பின்னும் ஆப்பிரிக்கச் சடையில் ஒவ்வொரு பின்னலும் முந்தியதன் நகலாக, சற்றே இடம்பெயர்ந்தும் சுழன்றும் சிறுத்தும் அமைவதைக் கண்ட ஆய்வாளர் ரான் எக்லாஷ், சுழலும் கோணம், சிறுக்கும் விழுக்காடு, எத்தனை முறை திரும்ப வேண்டும் ஆகிய எண்களைத் தந்து மாணவரே அந்தச் சடையைத் திரையில் உருவாக்கும் மென்பொருளை அமைத்தார். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தும் 'மடக்கு' என்ற நிரல் கருத்து அதில் தானாகவே விளங்கிவிடுகிறது. (கோலத்தின் இலக்கணத்தைக் கணினிவழி ஆராயும் வேலை 1970களிலேயே தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினரால் தொடங்கப்பட்டதை இங்கே நினைவுகூரலாம்.)

ஆனால் மென்பொருள் மட்டும் போதாது. லாஸ் ஏஞ்சலஸின் மூன்று பள்ளிகளை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், ஏழைப் பகுதிப் பள்ளிகளில் கணினிகள் இருந்தும் தட்டச்சு போன்ற அடிப்படைகளுக்கு மேல் பெரிதாக எதுவும் கற்பிக்கப்படாததையும், இன்னாருக்குத்தான் கணினி வரும் என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஊறிக் கிடந்ததையும் 2008இல் நூலாக எழுதினார். அவ்வாய்விலிருந்து உருவான பாடத்திட்டம், ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பார்த்து அதை விவாதிக்கும் பயிற்சியைத் தன்னிலிருந்து பிரிக்க முடியாத பகுதியாக வைத்துக்கொண்டது.

பெரும்பாலான ஆசிரியர் பயிற்சியில் பாடமும் பண்பாடும் இப்படி இணையாமைக்குக் காரணம் எளிது. வேதியியல் ஒரு துறையிலும் பண்பாடு இன்னொரு துறையிலும் கற்பிக்கப்பட, இரண்டையும் இணைக்கும் பொறுப்பு இருபத்திரண்டு வயதுப் பயிற்சியாளர் தலையில் விழுகிறது. எடுத்துக்காட்டாக, மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படாமல் போகவே, பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கரைந்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையினரான அந்த ஏழை நகரத்து மாணவருக்கு, குழாயின் உட்சுவரில் படியும் பாதுகாப்புப் படலத்தின் வேதியியலையும், குடிமக்களின் புகார் ஏன் காதில் ஏறவில்லை என்ற கேள்வியையும் ஒரே பாடவேளையில் எடுத்துச் சொல்ல எந்தத் துறை ஆசிரியரைத் தயாரிக்கிறது?

தயாரிக்க முனைந்த திட்டங்களுக்கும் இப்போது கால் தள்ளாடுகிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தொடங்கி, சமத்துவம், பன்மை சார்ந்தவை எனக் கருதிய மானியங்களைப் பெருமளவில் ரத்துசெய்தபோது மிகுதியாக அடிபட்டது அறிவியல் கல்விப் பிரிவே. 'பண்பாடு' என்ற சொல்லே விண்ணப்பத்துக்கு ஆபத்தாகிவிட்ட நிலையில், வீடுகளுக்குச் சென்று கற்கும் பயிற்சியை வேறு பெயரில் எழுதித் தொடர்வதா, அடியோடு கைவிடுவதா என்று பயிற்சிக் கல்லூரிகள் முடிவெடுக்க வேண்டியுள்ளது.