உயிர் காக்கும் ரிமோட் படகு!



ஏரியில் ஒருவர் தத்தளிக்கிறார். பார்த்தவர் பதறிப்போய்க் குதித்துவிடுகிறார். மூழ்குகிறவர் பயத்தில் அவரை இறுகக் கட்டிக்கொள்ள, இருவருமே மூழ்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். ஆளுக்குப் பதில் ஒரு சிறு படகை அனுப்பினால் என்ன?

அப்படி ஒரு படகு இருக்கிறது. பெயர் எமிலி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உருவானது. நீளம் சுமார் 4 அடி. எடை சுமார் 11 கிலோ. கரையில் இருப்பவர் ரிமோட்டால் ஓட்டுவார். மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் பாயும். தத்தளிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். வெளியே சுழலும் விசிறி இதில் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி முன்னே செல்லும். அதனால் யாருக்கும் காயம் படாது. 2016-ல் கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவில், கடல் கடந்து வந்த அகதிகளை மீட்க எமிலி உதவியது.

ரிமோட் படகுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது! 1898-ல் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா, நியூயார்க்கில் ரேடியோ அலைகளால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார்.

நாமும் ஒரு மாதிரி செய்வோமா?

தேவையானவை: 45 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனமுள்ள தெர்மாகோல், இரு பக்கச் சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார் உள்ள பழைய ரிமோட் கார், 2 பிளாஸ்டிக் விசிறிகள், மூடியுள்ள டப்பா, மெல்லிய கயிறு, கம்பி.

செய்முறை:

1. தெர்மாகோலின் முன்பக்கத்தைப் படகு போலக் கூராக வெட்டுங்கள்.

2. காரின் மோட்டார்களில் விசிறிகளைப் பொருத்தி, படகின் பின்பக்கம் இடதும் வலதுமாக, மரக்கட்டைகள் மேல் நிறுத்துங்கள். விசிறி தண்ணீரில் படக்கூடாது. காற்று பின்னால் வீச வேண்டும். முன்னால் வீசினால் மோட்டாரின் இரு ஒயர்களையும் மாற்றி இணையுங்கள்.

3. காரின் சர்க்யூட்டையும் பேட்டரியையும் டப்பாவில் வைத்து மூடி, படகின் நடுவில் ஒட்டுங்கள். கனமான பொருள் உயரத்தில் இருந்தால் படகு கவிழும்.

4. முன்னால் ஒரு கம்பிக் கொக்கி மாட்டுங்கள். பின்னால் விசிறியில் சிக்காதபடி தாழ்வாகக் கயிறு கட்டுங்கள்.

வலது விசிறி மட்டும் சுழன்றால் படகு இடப்பக்கம் திரும்பும். இடது மட்டும் சுழன்றால் வலப்பக்கம். இரண்டும் சுழன்றால் நேராகப் போகும்.

ஒரு கணக்கு: படகின் மொத்த எடை 450 கிராம் என்றால், அது 450 கன செ.மீ. தண்ணீரை விலக்கும். படகின் பரப்பு சுமார் 900 சதுர செ.மீ. ஆகவே அரை செ.மீ. ஆழம்தான் அமிழும்! ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இதுதான்.

இனி சோதனை. பாதி நீர் நிரப்பிய பாட்டிலின் கழுத்தில் கம்பி வளையம் மாட்டித் தொட்டியில் மிதக்க விடுங்கள். படகை ஓட்டி, கொக்கியில் வளையத்தை மாட்டுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து இழுங்கள். சின்ன மோட்டாருக்குப் பாட்டிலை இழுக்கும் பலம் வேண்டியதில்லை. கயிற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே படகின் வேலை. இழுப்பது கரையில் உள்ளவர்கள் வேலை.

பெரியவர்கள் துணையுடன், வீட்டுத் தொட்டியில் மட்டும் விடுங்கள். குளம், கிணறு பக்கம் போக வேண்டாம். இது வெறும் மாதிரி, ஆளைத் தாங்காது.

யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கயிறு, நீளக் கம்பு, வேட்டி, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் என எது கிடைத்தாலும் கரையில் இருந்தபடியே நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். கரையில் நின்றே உயிர் காக்கலாம். எமிலி சொல்லும் பாடமும் அதுதான்!