வால்வு விரியலாக்கிக்கு நிலைமாற்றி தெரிதல்

திரான்சிஸ்டர் தோன்றி, வானொலிப் பெட்டிகளினின்றும் வால்வுகளை அகற்றிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. எனினும் ஈ.எல். 84 என்னும் வால்வு ஸ்லோவாக்கியாவில் இன்றும் ஆக்கப்படுகின்றது. 1959 இல் முல்லார்ட் நிறுவனத்தார் வெளியிட்ட விரியலாக்கிச் சுற்றுக்களைப் பார்த்துத் தாமே ஒரு ஸ்டீரியோக் கருவி அமைக்க விரும்புவோர், வால்வைப் பற்றியே முதலில் ஆராய்கின்றனர். பழுதான வால்வைக் கழற்றி வேறொன்றை நொடியிற் செருகலாம். கடைக்காரர் ‘ட்ரான்ஸ்போமர்’ என்னும் நிலைமாற்றியோ, செலவிற் பெரும்பகுதியை விழுங்குவது. அடித்தட்டிலே துளையிட்டுப் பூட்டியபின் மாற்றுதற்கு அரியது. ஆதலால் அதனையே முதலில் தெரிதல் வேண்டும்.

பக்கத்துக்கு ஓர் ஈ.எல். 84 கொண்ட எளிய கருவியை எடுத்துக்கொள்வோம். 250 வோல்ற்றில் இயங்கும் அவ்வால்வு ஏறத்தாழ 5,200 ஓம் சுமையை வேண்டுவது. ஒலிபெருக்கியோ 8 ஓம். இவற்றின் விகிதம் 650. அதன் வர்க்கமூலம் 25½. பௌதிக வகுப்பிற் கற்ற சுற்று விகிதம் இதுவே. 8 ஓம் முனையில் 4 ஓம் ஒலிபெருக்கியைத் தொடுத்தால் வால்வு காணும் சுமை பாதியாகும். ஒலியின் வலு குன்றும்.

பழைய வானொலிப் பெட்டியினின்று எடுத்த பெயரற்ற நிலைமாற்றியையும் இவ்வாறே அளந்தறியலாம். அதன் முதற்சுருளுக்கு 6.3 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கொடுக்க, துணைச்சுருளில் கால் வோல்ற்றுக் கிடைப்பின் விகிதம் 25. அதன் வர்க்கம் 625. அதனை எட்டாற் பெருக்க 5,000 ஓம். இதனை மறுதலையாகச் செய்தலாகாது. துணைச்சுருளுக்கு 6.3 வோல்ற்றைக் கொடுத்தால் முதற்சுருளில் 150 வோல்ற்றுக்கு மேல் எழும்.

விகிதம் பொருந்தினும் போதாது. தனி வால்வின் நேரோட்டம், சுமார் 48 மில்லியம்பியர், முதற்சுருளினூடு இடையறாது பாய்ந்து அகணியைக் காந்தமாக்குகின்றது. அதனைத் தாங்குதற்கே தகடுகளுக்கிடையில் கடதாசி வைத்துச் சிறு இடைவெளி விடுவர். இரு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் சுற்றில் அவ்வோட்டங்கள் ஒன்றையொன்று நீக்குதலால் இடைவெளி வேண்டியதில்லை. தகடுகளை மாறிமாறி அடுக்குவர். இந்த வகையைத் தனி வால்வுக்குப் பூட்டினால் அகணி நிரம்பி ஒலி திரிபடையும். மலிவென்று கண்டு பலர் வாங்குவது பெரும்பாலும் இதுவே!

தாழ்ந்த சுருதிகள் முதற்சுருளின் தன்தூண்டலைச் சார்ந்தவை. அது 10 ஹென்றியாயின் 80 சக்கரத்துக்குக் கீழே மிருதங்கத்தின் தொப்பி மெலியும். 20 ஹென்றியாயின் 40 சக்கரம்வரை நிற்கும். இடைவெளி தன்தூண்டலைக் குறைப்பதால், அதனை ஈடுசெய்ய இரும்பும் செம்பும் மிகுதியாக வேண்டும். ஆகவே இரண்டை ஒப்பிடுங்கால் எடை கூடியதை நாம் விரும்புவோம். இரு பக்கத்துக்கும் ஒரே வகையானவற்றை ஒருங்கே வாங்குக.

மின்வழங்கும் நிலைமாற்றி ஒன்றே போதும். ஆயின் கணக்கு இரட்டிக்கும். ஈ.எல். 84 ஒன்றுக்கு 53½ மில்லியம்பியர்; இரண்டுக்கு 107. முன்னிலை வால்வையும் சேர்க்க 110 ஆகும். 90 மில்லியம்பியர் மட்டும் தரும் ஈ.சற். 80 சீராக்கி இதற்குப் போதாது. 150 தரும் ஈ.சற். 81 வேண்டும். 250–0–250 வோல்ற்றுச் சுருள் ஏற்றது. இழைகளுக்கு 2.8 அம்பியர் செலவாகும். 4 அம்பியர்ச் சுருளைத் தெரிவோம். அமெரிக்காவில் 60 சக்கரத்துக்கென ஆக்கியதை, வோல்ற்றளவு ஒத்திருப்பினும், நமது 50 சக்கரத்தில் இயக்கினால் அகணியிற் காந்தப் பாயம் ஐந்திலொரு பங்கு கூடிச் சூடேறும்.

துளையிடுமுன் ஒரு சோதனை. மின்வழங்கும் நிலைமாற்றியின் வெளிமுனைகளைத் தனித்தனியே மூடிக் காவலிட்டு, மின்னூட்டுக. மற்றையதன் துணைச்சுருளில் ஹெட்போனைத் தொடுத்து, அதனை மெல்லத் திருப்புக. ஓரிடத்தில் இரைச்சல் ஏறக்குறைய மறையும்; பெரும்பாலும் அகணிகள் செங்கோணமாய் நிற்கும் நிலை அது. அங்கே குறியிடுக.

ஒலிபெருக்கியைத் தொடுக்காது கருவியை இயக்கற்க. சுமையற்ற முதற்சுருளில் உயர்ந்த வோல்ற்றளவு எழுந்து காவலைத் துளைத்துவிடும். ஆளியை மூடியபின்னும் கொள்ளளவிகளில் 250 வோல்ற்றுக்கு மேல் எஞ்சியிருக்கும். அதனை வடிப்பதற்கு 2 வாற்று, 100,000 ஓம் தடையொன்றை அவற்றுக்குக் குறுக்கே நிலையாகப் பூட்டி, மானியாற் பார்த்தபின்னரே கைவைத்தல் வேண்டும்.