பேச மறந்த மீட்டர்கள்

மொபைல் சேவையை மாற்றுவதுபோல, பிரிட்டனில் வீட்டுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கம்பியும் மீட்டரும் அப்படியே இருக்கும். பில் அனுப்புபவர் மட்டும் மாறுவார். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த பல வீடுகளில் இப்படி மாறியதும் ஒரு சிக்கல் முளைத்தது. மீட்டர் ஓடியது, யூனிட் கூடியது, ஆனால் புதிய நிறுவனத்துக்கு அளவு போய்ச் சேரவில்லை. தானாகக் கணக்கு அனுப்புவதற்கென்றே பொருத்திய மீட்டர் அது. வீட்டுக்காரர் பழையபடி மீட்டர் முன்னால் நின்று எண்ணைக் குறித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

மீட்டரில் பழுது ஏதும் இல்லை. ஒவ்வொரு விற்பனை நிறுவனமும் தனித்தனித் தகவல் தொடர்பு ஏற்பாடு வைத்திருந்தது. ஒருவர் பொருத்திய மீட்டரோடு அடுத்தவருடைய கணினியால் பேச முடியவில்லை. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் தகவலைப் பரிமாறி, அதைச் சரியாகப் புரிந்துகொண்டு சேர்ந்து வேலை செய்வதை ‘ஒத்தியங்குதல்’ எனலாம். ஸ்மார்ட் மின்கட்டமைப்பு என்று நாம் சொல்வதன் உயிர் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கிரிட்வைஸ் கட்டமைப்புக் குழு 2008-ல் ஒத்தியங்குதலை எட்டு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியது. கீழே கம்பி, அலைவரிசை போன்ற இணைப்பு. உச்சியில் சட்டமும் பொருளாதாரக் கொள்கையும். கீழடுக்குகளில் தவறு நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும், தகவலே வராது. என்னைக் கவலைப்படுத்துவது நடுவில் இருக்கும் பொருள் அடுக்கு. அங்கே தகவல் வந்துவிடும், ஆனால் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும்.

கூரையில் சோலார் வைத்த ஒரு வீட்டின் மீட்டர் ‘5’ என்று அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து யூனிட்டா, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான வாட்-மணியா? வீடு வாங்கியதா, வெளியே கொடுத்ததா? கூடவே வரும் ‘10:30’ என்பது அப்போது முடிந்த அரைமணியா, தொடங்கும் அரைமணியா? உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா? வாங்கியதும் கொடுத்ததும் இடம் மாறிவிட்டால், வெயிலில் விளைந்த மின்சாரத்துக்கு அந்த வீட்டுக்காரரே பணம் கட்ட நேரும்.

இதைத் தவிர்க்கத்தான் மீட்டர் உலகில் டிஎல்எம்எஸ் என்ற பொதுமொழி இருக்கிறது. அதில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் முகவரி உண்டு: 1.8.0 என்றால் இதுவரை வாங்கிய மொத்த மின்சாரம், 2.8.0 என்றால் வெளியே கொடுத்தது. ஆனால் அந்த மொழி மிகப் பரந்தது. ஒரு நிறுவனம் அதன் ஒரு பகுதியையும் இன்னொன்று வேறு பகுதியையும் எடுத்துக்கொண்டு, இரண்டுமே ‘தரத்தைப் பின்பற்றுகிறோம்’ என்று உண்மையாகவே சொல்லலாம். ஆகவே இந்தியாவில் ஐஎஸ் 15959 என்ற துணைத் தரம் வகுத்தார்கள். நம் மீட்டர்கள் எந்தெந்த அளவுகளை எந்த முகவரியில் தர வேண்டும் என்று அது வரையறுக்கிறது. நம் வீடுகளுக்கு வரும் ஸ்மார்ட் மீட்டர்கள் பேச வேண்டிய மொழி இதுதான்.

துணை மின்நிலையத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. அங்கே ஐஇசி 61850 என்ற தரம். கம்பியில் ஷார்ட் ஆனதைக் கண்ட ரிலே என்ற பாதுகாப்புக் கருவி, நெட்வொர்க் வழியே ‘கூஸ்’ என்ற அவசரச் செய்தியை அனுப்பி, மின்சாரத்தைத் துண்டிக்கும்படி பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். செய்தி சுமார் 3 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நிறுவனத்தின் ரிலே சொன்னதை மற்றொன்றின் பிரேக்கர் கட்டுப்பாட்டுக் கருவி புரிந்துகொள்ளவில்லை என்றால், அதைத் திருத்திக்கொள்ள அவகாசமே கிடையாது.

அப்படியானால் ஒத்தியங்குகிறதா என்று எப்படி அறிவது? ஒரு கருவியைத் தனியே வைத்து, தரத்தின் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது ஒருவகைச் சோதனை. அது அவசியம், ஆனால் போதாது. இரண்டு பேர் தனித்தனியே இலக்கணத் தேர்வில் தேறியதால் அவர்களுக்குள் உரையாடல் நடக்கும் என்று உறுதி கூற முடியுமா? இரண்டு கருவிகளையும் எதிரெதிரே வைத்துப் பேசவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் இத்தாலியின் இஸ்ப்ராவில் இதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் வைத்திருக்கிறது. அவர்கள் கருவியிலிருந்து தொடங்குவதில்லை, வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். ‘மாலை உச்ச நேரத்தில் இந்த வீட்டின் மின்பளுவைக் குறை’ என்பது போன்ற ஒரு பயன்பாட்டை முதலில் எழுதுகிறார்கள். அதற்குத் தரத்தின் எந்தப் பகுதிகள் தேவை, விருப்பத்துக்கு விடப்பட்டவற்றில் எது கட்டாயம் என்று ஒரு வரையறையில் முடிவு செய்கிறார்கள். பிறகு சோதனைகளைத் திட்டமிட்டு, சூழ்நிலைகளை மாற்றி மாற்றி நடத்தி, முடிவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசுகிறார்கள். ஒருமுறை பேசிவிட்டது என்பதில் அவர்களுக்குத் திருப்தியில்லை; எந்தச் சூழலில் பேச்சு முறிகிறது என்பதைத்தான் தேடுகிறார்கள். மின்வாரியங்கள் டெண்டர் விடும்போதே இத்தகைய சோதனையை நிபந்தனையாக்குவது நல்லது என்று நினைக்கிறேன். லட்சக்கணக்கில் பொருத்திய பிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்பதை பிரிட்டன் அனுபவித்தது.

அங்கே நாடு முழுவதற்கும் பொதுவான தகவல் தொடர்பு நிறுவனம் ஒன்றை நியமித்தார்கள். இரண்டாம் தலைமுறை மீட்டர்கள் தொடக்கத்திலிருந்தே அதன் வழியாகப் பேசும்படி அமைந்தன. பழைய மீட்டர்களையும் 2019 முதல் தொலைவிலிருந்தே அந்தப் பொது அமைப்புக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சேர்க்கவில்லை. எந்த மீட்டர், எந்தத் தொடர்புக் கருவி, எந்த மென்பொருள் பதிப்பு என்று சேர்க்கை சேர்க்கையாகச் சோதித்துப் பட்டியலில் ஏற்றி, பட்டியலில் ஏறியவற்றையே உள்ளே அனுமதித்தார்கள்.