கட்டைவிரலும் கைப்பேசிப் பொத்தானும்

கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரலால் பொத்தான் கைப்பேசியை அழுத்தும் பெரியவர்களை எங்கள் ரிஷிவந்தியம் கடைத்தெருவில் இன்றும் காணலாம். விரலைவிடப் பொத்தான் சிறியது. ஆயினும் பக்கத்துப் பொத்தானில் விரல் தவறுவது குறைவு. இது எவ்வாறு முடிகிறது?

கணிப்பொறி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை சுமார் 19 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கைப்பேசியில் அவ்வளவு இடமில்லை. ஆகவே பல பொத்தான்களின் நடுப்பகுதியைச் சற்று மேடாக அமைக்கிறார்கள். விரல் முதலில் மேட்டைத் தொடுகிறது. விசை அங்கே குவிகிறது. பக்கத்துப் பொத்தானின் ஓரம் தாழ்ந்திருப்பதால் தப்பிவிடுகிறது.

பொத்தானுக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய உலோகத் தகடு இருப்பது வழக்கம். அழுத்த அழுத்த எதிர்விசை ஏறுகிறது. ஓர் எல்லையில் தகடு 'டக்'கென்று உள்வாங்க, எதிர்விசை சட்டெனக் குறைகிறது, மின்சுற்றும் மூடுகிறது. விரலை எடுத்தால் மீள்தன்மையால் தகடு பழைய வடிவம் பெறுகிறது. கண்ணால் பாராமலே, 'எண் பதிந்தது' என்று விரல் அறிந்துகொள்கிறது. 5ஆம் எண்ணின்மேல் உள்ள சிறு புடைப்பைத் தடவியே பார்வையற்றோர் மற்ற எண்களின் இடத்தை அறிகின்றனர். தொடுதிரையில் இவ்வசதி இல்லை. காய்த்து உலர்ந்த விரலின் தொடுகையை அது சில வேளைகளில் உணர்வதுமில்லை.

இனி, தமிழுக்கு வருவோம். கைப்பேசியில் எழுத்துகளுக்கு உரியவை 2 முதல் 9 வரையான 8 பொத்தான்களே. 247 எழுத்துகளைப் பங்கிட்டால் பொத்தானுக்கு ஏறத்தாழ 31 எழுத்து! கடைசி எழுத்துக்கு 31 முறை தட்டினால் கட்டைவிரலின் தசைநாண் என்னாவது? தமிழ் மட்டுமே அறிந்த தாய், விடுதியில் படிக்கும் மகளுக்குச் செய்தி அனுப்ப இயலுமா?

வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. பொத்தானுக்கு நான்கு எழுத்தே போதும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கருவி பார்த்துக்கொள்ளும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலும் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வந்தன. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கோலிக்குண்டின்மீதும் தட்டையான டப்பா மூடியின்மீதும் ஸ்டாம்பு மை தடவி, இரு கட்டைவிரல்களாலும் ஒரே அளவில் அழுத்துங்கள். எந்த விரலில் கறை சிறியது? பொத்தான் மேடாக இருப்பதன் காரணம் உங்கள் விரலிலேயே தெரியும்.