அமியோடரோன் ஊசி: அளவும் வேகமும்

எதற்காக இந்த மருந்து

இதயத் துடிப்பு தாளம் தப்பும்போது நாளம் வழியாக ஏற்றப்படும் மருந்துகளுள் அமியோடரோன் முக்கியமானது. கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும்போது மூளைக்கு இரத்தம் போவது நின்றுவிடும். அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியவை மார்பை அழுத்துவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும்தான். அதற்கும் நடுக்கம் அடங்காவிட்டால்தான் இந்த ஊசி.

ரொறன்ரோவில் கிடைத்த சான்று

1995 நவம்பர் முதல் 2001 ஏப்ரல் வரை ரொறன்ரோ நகரின் அம்புலன்ஸ் சேவையில் போல் டோரியன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். மின்னதிர்ச்சிக்கு அடங்காத 347 பேரில் ஒரு பகுதியினருக்கு அமியோடரோனும் மற்றவர்களுக்கு லிடோகெய்னும் கொடுக்கப்பட்டன. உயிருடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் முதல் பிரிவில் 22.8 சதவீதம், மற்றதில் 12 சதவீதம். ஆனால் பிழைத்து வீடு திரும்பியோர் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 2016இல் வெளியான, 3,026 பேரை உள்ளடக்கிய அமெரிக்க, கனடிய ஆய்விலும் ஒட்டுமொத்தப் பலன் உறுதிப்படவில்லை. யாரேனும் பார்த்திருக்க விழுந்தவர்களுக்கு மட்டும் இரு மருந்துகளும் ஓரளவு உதவின. பக்கத்தில் நிற்பவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்குவதற்கு எந்த ஊசியும் ஈடாகாது.

ஏற்றும் முறை

இதயம் நின்றவருக்கு 300 மில்லிகிராம் ஒரே தடவையில் செலுத்தப்படும். நாடி இருப்பவருக்கு அந்த வேகம் ஆபத்து. இரத்த அழுத்தம் சரியும், துடிப்பு மந்தமாகும். அவருக்கு வழக்கமாக 10 நிமிடத்தில் 150 மில்லிகிராம், அடுத்த 6 மணி நேரம் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம், பின்னர் 18 மணி நேரம் நிமிடத்துக்கு அரை மில்லிகிராம் என ஏற்றப்படும். ஈசிஜியும் இரத்த அழுத்தமும் தொடர்ந்து கவனிக்கப்படும். மருந்தை உப்புநீரில் கலப்பதில்லை, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பார்கள். கையிலுள்ள நாளம் இதனால் புண்பட்டு வீங்கலாம். ஊசி போட்ட இடம் எரிந்தாலோ சிவந்தாலோ பொறுத்துக்கொண்டிருக்காமல் தாதியிடம் உடனே சொல்ல வேண்டும்.

சொல்ல மறக்கக் கூடாதவை

அமியோடரோனுடன் சேரும்போது சில மருந்துகள் சிக்கல் தரும் என்பதால், எடுக்கும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடும். டிகொக்சின் உடலில் தேங்கும். சிம்வாஸ்டாட்டின் தசைகளைப் பாதிக்கலாம். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின் என்பதால் தைராய்டு நோயையும் சொல்ல வேண்டும். மருந்து வாரக்கணக்கில் உடலில் தங்குவதால், நிறுத்திய பிறகும் இந்த எச்சரிக்கைகள் தொடரும்.

வயதான பெற்றோர் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை மருந்தகத்தில் அச்சிட்டு வாங்கி, எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது நல்லது. ஆங்கிலம் வராதவர்களும் 911ஐ அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.